போயாங் ஏரிப் போர், 1363: அவ்வளவு பெரிய கப்பல்கள் ஏன் தோற்றன?

"சென் யௌலியாங்கிடம் மூன்று மடங்கு ஆள் இருந்தார்கள், மாடி மாடியாகக் கப்பல் இருந்தது, அப்படியும் போயாங் ஏரியில் ஜு யுவான்சாங்கிடம் எப்படித் தோற்றார்? தீப்படகுதான் காரணமா? உலகத்திலேயே பெரிய கப்பற்போர் இது என்கிறார்களே, உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. (இருவரும் சீனாவில் யாங்சி ஆற்றுப் பகுதியில் அதிகாரத்துக்குப் போட்டியிட்ட கிளர்ச்சித் தலைவர்கள்.) கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் போரை எல்லோரும் தீயோடு முடித்துவிடுகிறார்கள், அங்கேதான் தப்பு நடக்கிறது.

தீ முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் கப்பல்கள் எரிந்தது 1363 ஆகஸ்ட் 31. சென் யௌலியாங் இறந்தது அக்டோபர் 4. இடையில் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. எரிந்த பிறகும் அவரிடம் பெரிய படை மிச்சமிருந்தது, ஜுவுக்கு நேருக்கு நேர் மோதி முடித்துவிடலாம் என்ற தைரியம் வரவில்லை. அப்புறம் எதனால் தோற்றார்? தண்ணீரால். அந்தக் கப்பல்கள் வெள்ளம் நிறைந்த ஆற்றில் கோட்டைச் சுவரை ஒட்டி நின்று ஆட்களை ஏற்றிவிடுவதற்காகக் கட்டியவை. சென் அவற்றை நீர் வடியும் பருவம் வந்த பிறகும், ஒரே ஒரு வாசல் உள்ள ஏரிப் பகுதிக்குள் நான்கு மாதம் நிறுத்தி வைத்தார். மீதியெல்லாம் அதிலிருந்து வந்ததுதான் என்பது என் கருத்து.

முதலில் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சீனாவை ஆண்ட மங்கோலிய யுவான் வம்சம் ஆட்டம் கண்டிருந்த காலம். 1344-ல் மஞ்சள் ஆறு கரை உடைத்தது, கூடவே பஞ்சமும் கொள்ளைநோயும் வந்தன. 1351-ல் ஆற்றைத் திருப்பிவிடுவதற்கு ஒன்றரை லட்சம் பேரைக் கட்டாய வேலைக்கு இழுத்தார்கள், அதே வருடம் யுவானுக்கு எதிராகச் செந்தலைப்பாகைக் கிளர்ச்சி வெடித்தது. பத்து வருடத்துக்குள் தெற்கே அரசாங்கம் என்ற ஒன்றே இல்லை, யாங்சி ஆற்றின் கரையில் ஆளுக்கொரு ராஜ்யம். இந்தக் கதைக்கு மூன்று பேர் போதும். மேற்கே, ஆற்றின் மேல்பகுதியில் சென் யௌலியாங். நடுவில், இன்றைய நான்ஜிங்கில் ஜு யுவான்சாங். கிழக்கே சூஜோவில், உப்புக் கடத்தல் தொழிலிலிருந்து வந்த ஜாங் ஷிசெங், மூவரில் பணக்காரர் அவர்தான்.

இதில் மேலே இருப்பவருக்கு ஒரு வசதி உண்டு. ஆற்றோட்டமே அவருடைய கப்பலைக் கீழே கொண்டுபோய்விடும், கீழே இருப்பவர் மேலே வர வேண்டுமென்றால் துடுப்பும் காற்றும் வேண்டும். அதனால் ஜு யுவான்சாங்குக்கு உண்மையான பயம் சென் மீதுதான், ஜாங் ஷிசெங் மீது இல்லை. அவர் கணக்கு எளிமையானது: ஜாங் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்ப்பவர், சென் துணிந்து இறங்குபவர். முதலில் ஜாங்கைத் தாக்கினால் சென் முழு பலத்தோடு முதுகில் வந்து விழுவார். முதலில் சென்னைத் தாக்கினால் ஜாங் வீட்டை விட்டு வெளியே வரமாட்டார். கடைசியில் அப்படியேதான் நடந்தது.

ஜு ஏழை விவசாயி மகன், 1344 பஞ்சத்திலும் நோயிலும் பெற்றோரையும் அண்ணனையும் இழந்து, புத்த மடத்தில் சேர்ந்து பிச்சையெடுத்து அலைந்தவர். சென் மீனவக் குடும்பம், கொஞ்ச நாள் கீழ்நிலை எழுத்தர் வேலை பார்த்தவர். சென் மேலே வந்த விதம் கொடூரமானது. தன்னை வளர்த்த தளபதி நி வென்ஜுனை 1357-ல் கொன்றார். தன்னுடைய அரசர் ஷு ஷௌஹுயை 1360-ல் ஆள் வைத்து இரும்புத் தடியால் அடித்துக் கொன்றுவிட்டு, அங்கேயே ஆற்றங்கரைக் கோயில் ஒன்றில் தன்னைப் பேரரசராக அறிவித்துக்கொண்டார். அன்று புயலும் மழையும் கொட்ட, அதிகாரிகள் கரை மணலில் வரிசையில் நின்று நனைந்துகொண்டே வாழ்த்துச் சொல்ல முயன்றார்கள், சடங்கை முடிக்கவே முடியவில்லை. இதெல்லாம் ஜெயித்தவர் வீட்டில் எழுதிய வரலாறு என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சென்னுக்குக் கீழே இருந்தவர்கள் அவரை முழுசாக நம்பவில்லை என்பது பின்னால் நடந்ததிலிருந்தே தெரிகிறது.

இப்போது கப்பல்கள். அதே 1360-ல் சென் டாய்பிங் என்ற ஊரைப் பிடித்தார். எப்படிப் பிடித்தார் என்பதுதான் முக்கியம். ஊரின் மதில் ஆற்றை ஒட்டியிருந்தது. சென்னின் கப்பல்களின் பின்புறம் மதில் உயரத்துக்கு இருந்தது. கப்பலை ஒட்டி நிறுத்தி, பின்புறம் வழியாகவே வீரர்கள் மதில் மேல் ஏறிக் குதித்தார்கள். ஏணியும் வேண்டாம், முற்றுகைக் கோபுரமும் வேண்டாம். அதாவது இந்தக் கப்பல்களே மிதக்கும் கோபுரங்கள்.

அந்த வெற்றியின் சூட்டோடு நேராக நான்ஜிங் மேல் பாய்ந்தார். அங்கே ஜு ஒரு பொறி வைத்தார். சென்னின் பழைய நண்பர் காங் மாவ்சாய் ஜுவிடம் இருந்தார். அவரை விட்டு, "நான் உள்ளிருந்து உதவுகிறேன், மரப்பாலம் இருக்கும் இடத்துக்கு வாருங்கள்" என்று கடிதம் எழுத வைத்தார். கடிதம் போனதும் ஜு அந்த மரப்பாலத்தை எடுத்துவிட்டுக் கல்பாலம் போட்டுவிட்டார். சென் வந்து பார்த்தால் கல்பாலம், "காங், காங்" என்று கூப்பிட்டுப் பார்த்தால் பதிலே இல்லை. பக்கத்திலிருந்த லோங்வானில் இறங்கினார், ஒளிந்திருந்த படை மூன்று பக்கமும் பாய்ந்தது. ஓடிப்போய்க் கப்பலில் ஏறலாம் என்றால் அந்த நேரம் பார்த்து நீர் வற்றி, பெரிய கப்பல்கள் எல்லாம் தரை தட்டி நின்றுவிட்டன. நூற்றுக்கும் மேற்பட்ட பெரிய கப்பல்கள் ஜுவின் கையில் சிக்கின. அவற்றில் சிலவற்றின் பெயரே "ஆற்றைக் கலக்கும் நாகம்", "ஆற்றை அடைப்பது", "மலையை மோதித் தள்ளுவது".

1360-லேயே இந்தப் பாடம் கிடைத்துவிட்டது. பெரிய கப்பல் கெட்டது என்பது பாடம் இல்லை, தண்ணீர் இறங்கினால் பெரிய கப்பல் அசையாது என்பதுதான் பாடம். சென் எடுத்துக்கொண்ட பாடம் வேறு: இன்னும் பெரிதாகக் கட்ட வேண்டும்.

கட்டினார். 1363-ல் அவர் கொண்டுவந்த கப்பல்கள் பல பத்து அடி உயரம், மூன்று அடுக்கு, செந்நிற வர்ணம். குதிரை கட்ட மேல்தளத்தில் லாயம், துடுப்புப் பகுதிக்கு இரும்புக் கவசம். மேல் அடுக்கில் பேசுவது கீழ் அடுக்கில் இருப்பவர்களுக்குக் கேட்காது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். படை 6,00,000 என்று சொல்லிக்கொண்டார்கள். அதோடு, மந்திரிகள், அதிகாரிகள், அவர்கள் குடும்பம் குட்டி எல்லாவற்றையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு நாட்டையே காலி செய்துகொண்டு வந்தார். திரும்பிப் பார்க்கும் எண்ணமே இல்லாத படையெடுப்பு.

எங்கே போனார்? இதுதான் போரின் முதல் திருப்பம். அந்த நேரம் ஜு யுவான்சாங் நான்ஜிங்கில் இல்லை. பெயரளவில் தனக்கு மேலே இருந்த செந்தலைப்பாகை அரசர் ஹான் லின்எர், வடக்கே அன்ஃபெங் என்ற ஊரில் ஜாங் ஷிசெங்கின் படையிடம் மாட்டிக்கொள்ள, அவரைக் காப்பாற்ற ஜு தன் முக்கியப் படையோடு போயிருந்தார். போகாதீர்கள் என்று ஆலோசகர் லியூ ஜி தடுத்தும் கேட்கவில்லை. போதாததற்கு, அங்கிருந்து இன்றைய ஹெஃபெய் நகரை முற்றுகையிடவும் படையை அனுப்பினார். நான்ஜிங் கிட்டத்தட்ட திறந்து கிடந்தது. சென் ஆற்றோடு நேராக இறங்கியிருந்தால் ஜு பின்னால் நிறுவிய மிங் வம்சத்தின் பெயரே இன்றைக்கு நமக்குத் தெரிந்திருக்காது.

ஆனால் சென் நாஞ்சாங் நகரத்துக்குப் போனார். அது முன்னால் அவருடைய ஊர். 1362-ல் அங்கிருந்த அவருடைய ஆளே ஜுவின் பக்கம் சாய்ந்து ஊரை ஒப்படைத்துவிட்டார். அந்த இழப்பு அவருக்கு உறுத்தியிருக்க வேண்டும். 1363 ஜூன் தொடக்கத்தில், கோடை வெள்ளம் ஏறிக்கொண்டிருக்கும் சமயத்தில், யாங்சியிலிருந்து போயாங் ஏரிக்குள் நுழைந்து, கான் ஆறு வழியாக நாஞ்சாங்குக்கு வந்து சேர்ந்தார். டாய்பிங்கில் செய்ததையே இங்கேயும் செய்யலாம் என்று நினைத்திருப்பார். இதே ஊரை முன்பு ஒருமுறை அவர் அப்படித்தான் பிடித்திருந்தார், அப்போது மதில் ஆற்றங்கரையிலேயே இருந்தது. ஆனால் ஊர் கைக்கு வந்ததும் ஜு செய்த முதல் வேலைகளில் ஒன்று, ஆற்றுப் பக்க மதிலை இடித்து 30 தப்படி உள்ளே தள்ளிக் கட்டியது.

30 தப்படிதான். அந்த 30 தப்படி சென்னின் கப்பற்படை முழுவதையும் வேலையில்லாமல் ஆக்கிவிட்டது. கப்பல் மதிலைத் தொட முடியாது. ஆகவே அத்தனை பேரும் தரையில் இறங்கி, சாதாரண முற்றுகை போட வேண்டியதாயிற்று.

அந்த முற்றுகை 85 நாள் நீடித்தது. உள்ளே தலைமை தாங்கியவர் ஜுவின் அண்ணன் மகன் ஜு வென்செங். முறம் வடிவத்தில் மூங்கில் கேடயங்களைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு சென்னின் ஆட்கள் மதிலைக் குடைந்தார்கள். ஃபூஜோ வாசல் பக்கம் ஏறத்தாழ 90 மீட்டர் நீளத்துக்கு மதில் சரிந்தே விட்டது. உள்ளே இருந்த தளபதி டெங் யூ கைத்துப்பாக்கி மாதிரியான தீக்குழல்களால் சுட்டுத் துரத்தி, உடைந்த இடத்தில் மரவேலி நட்டு, ஒரு பக்கம் வேலிக்கு மேல் சண்டை நடக்க, மறுபக்கம் விடிவதற்குள் மதிலையே கட்டி முடித்துவிட்டார்கள். இன்னொரு நாள் ஆற்றிலிருந்து ஊருக்குள் வரும் நீர்வாசலின் கம்பிகளை உடைக்க வந்தார்கள். உள்ளிருந்து கம்பி இடுக்கு வழியாக ஈட்டியால் குத்தினார்கள், வெளியே இருந்தவர்கள் அந்த ஈட்டிகளையே பிடித்து இழுத்துப் பறித்தார்கள். வென்செங் உடனே இரும்பு ஈட்டிகளையும் கொக்கிகளையும் உலையில் பழுக்கக் காய்ச்சி நீட்டச் சொன்னார். பிடித்தவர்களின் கை வெந்துபோயிற்று, அதற்குப் பிறகு யாரும் பிடிக்க வரவில்லை. (இந்த வென்செங்கின் முடிவை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஊரைக் காப்பாற்றிய மனிதர், இரண்டு வருடம் கழித்து எதிரியோடு சேரப் பார்த்ததாகச் சந்தேகப்பட்டுச் சித்தப்பாவே அவரைக் காவலில் வைத்தார், காவலிலேயே இறந்தார்.)

உதவி கேட்டு ஜாங் ஸிமிங் என்பவரை ஒரு சின்ன மீன்பிடிப் படகில் அனுப்பினார்கள். இரவில் பயணம், பகலில் ஒளிந்திருப்பது, இப்படிப் பதினைந்து நாளில் நான்ஜிங் போய்ச் சேர்ந்தார், அதற்குள் ஜுவும் அங்கே திரும்பியிருந்தார். எதிரி எப்படி இருக்கிறான் என்று ஜு கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை நீங்கள் கவனிக்க வேண்டும். சென்னின் படை பெரிதுதான், ஆனால் செத்தவர்களும் நிறைய. ஆற்று நீர் நாளுக்கு நாள் வடிகிறது, அந்தப் பெரிய கப்பல்கள் இனிமேல் உதவாது. சாப்பாடும் குறைந்து வருகிறது. உதவிப் படை வந்தால் நிச்சயம் உடைக்கலாம். இவ்வளவுதான் அவர் சொன்னதன் சாரம். ஏரியில் ஒரு அம்புகூடப் பறப்பதற்கு முன்பே, ஒரு தூதர் முழுப் போரையும் மூன்று நான்கு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். ஒரு மாதம் தாக்குப்பிடியுங்கள், நான் வருகிறேன் என்று ஜு சொல்லி அனுப்பினார். திரும்பும் வழியில் ஸிமிங் பிடிபட்டார். மதில் முன்னால் நின்று சரணடையச் சொன்னால் உயிரோடு விடுகிறோம், பணமும் பதவியும் தருகிறோம் என்றார்கள். சரி என்றார். மதில் முன்னால் போய் நின்று, "பெரிய படை வந்துகொண்டிருக்கிறது, உறுதியாக நில்லுங்கள்" என்று உரக்கக் கத்தினார். அங்கேயே கொன்றுவிட்டார்கள்.

ஜு ஆகஸ்ட் நடுவில் ஹெஃபெய் முற்றுகையைக் கைவிட்டு, 2,00,000 பேர் என்று சொல்லப்படும் படையோடு ஆற்றில் ஏறி வந்தார். இங்கே அவர் செய்த முதல் காரியம் சண்டை போடுவது இல்லை. போயாங் ஏரியை ஒரு குடுவை என்று நினைத்துக்கொண்டால் ஹூகோவ் அதன் கழுத்து, ஏரி நீர் யாங்சியில் சேர்வது அங்கே மட்டும்தான். முதலில் அந்தக் கழுத்திலும் பக்கத்திலும் படையை நிறுத்தி வழியை அடைத்துவிட்டுத்தான் ஏரிக்குள்ளேயே நுழைந்தார். சென் அதைக் கேள்விப்பட்டு முற்றுகையை விட்டுவிட்டு ஏரிக்கு இறங்கினார். காங்லாங் மலை என்ற சின்னத் தீவுக்குப் பக்கத்தில் இரண்டு படையும் சந்தித்தன.

ஆகஸ்ட் 30, முதல் நாள். ஜு தன் கப்பல்களைப் பல குழுக்களாகப் பிரித்து ஒரு வரிசைமுறை கொடுத்தார்: நெருங்கும்போது முதலில் வெடிமருந்து ஆயுதங்கள், அடுத்து வில், கப்பலைத் தொட்டதும் வாள். இந்த வெடிமருந்து ஆயுதங்கள் ஏராளமான வகை. எனக்கு இவற்றில் மிகவும் ஆச்சரியமானது "வேறு வழியில்லை" என்று அவர்கள் பெயர் வைத்த ஒன்று. நாணல் பாயை ஏழடி நீள உருளையாகச் சுருட்டி, மேலே காகிதம் ஒட்டி, நூலால் இறுக்கிக் கட்டி, உள்ளே வெடிமருந்தும் சில்லுகளும் திணித்து, பாய்மரத்திலிருந்து நீட்டிய கழியில் தொங்கவிடுவார்கள். எதிரிக் கப்பல் பக்கத்தில் வந்ததும் திரியைப் பற்றவைத்துக் கயிற்றை வெட்டிவிட, அது எதிரியின் தளத்தில் விழுந்து வெடிக்கும். கப்பல்கள் எவ்வளவு நெருக்கத்தில் மோதியிருக்கும் என்று இதிலிருந்தே ஊகிக்கலாம்.

ஜுவின் தளபதி ஷு டா முதலில் பாய்ந்து ஒரு பெரிய கப்பலைப் பிடித்தார், 1,500 பேரைக் கொன்றார். இன்னொரு தளபதி யு டோங்ஹாய் காற்றைப் பார்த்து வெடிமருந்து வீசி இருபது கப்பலைக் கொளுத்தினார். ஆனால் அன்று ஜு நூலிழையில் தப்பினார். சென்னின் ஆட்களில் பெரிய வீரர் ஜாங் டிங்பியன் வேறு எதையும் பார்க்காமல் ஜுவின் கப்பலையே குறிவைத்து வந்தார். ஜுவின் கப்பல் மணல்திட்டில் மாட்டிக்கொண்டு அசையவில்லை. சுற்றியிருந்த தளபதிகள் சிலர் அங்கேயே இறந்தார்கள். ஜுவின் தளபதி சாங் யுசுன் விட்ட அம்பு ஜாங் டிங்பியன் மேல் பாய்ந்தது, அதே நேரம் யு டோங்ஹாயின் கப்பல்கள் வேகமாக வந்ததில் எழுந்த அலை ஜுவின் கப்பலைத் திட்டிலிருந்து தூக்கிவிட்டது. உடனே சாங் யுசுன் கப்பலும் தரை தட்டியது, உடைந்த கப்பல் ஒன்று மிதந்து வந்து இடித்துத்தான் அது விடுபட்டது. சின்னக் கப்பல்களுக்கே இந்த நிலைமை என்றால் மூன்று அடுக்குக் கப்பலுக்கு அந்த ஏரி எப்படி இருந்திருக்கும்?

இரண்டாவது நாள் சென் தன் பெரிய கப்பல்களைச் சங்கிலியால் பிணைத்து ஒரு வரிசையாக நிறுத்தினார். இதை முட்டாள்தனம் என்று பலர் எழுதுகிறார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. காலை முழுவதும் அது வேலை செய்தது. ஜுவின் ஆட்கள் தலையை அண்ணாந்து அந்தச் சுவரைப் பார்த்துப் பயந்து பின்வாங்கினார்கள், பின்வாங்கிய குழுத் தலைவர்கள் பத்துப் பேருக்கு மேல் தலையை வெட்டியும்கூட நிலைமை மாறவில்லை. அப்போது குவோ ஷிங் என்பவர், நம் ஆட்கள் சரியில்லாமல் இல்லை, கப்பல் அளவுதான் பொருந்தவில்லை, தீயைத் தவிர வழியில்லை என்றார். ஏழு மீன்பிடிப் படகுகளில் நாணலும் வெடிமருந்தும் நிரப்பி, வைக்கோல் பொம்மைகளுக்குக் கவசமும் தலைக்கவசமும் மாட்டி ஆயுதம் பிடித்த மாதிரி நிறுத்தி, சாகத் துணிந்தவர்களை ஓட்டச் சொல்லிக் காத்திருந்தார்கள். பிற்பகலில் வடகிழக்குக் காற்று கிளம்பியது. படகுகள் போய் ஒட்டின. சங்கிலியை அவிழ்க்க நேரமில்லை, தப்பித்துத் திரும்ப ஆழமும் இல்லை. நூற்றுக்கணக்கான கப்பல்கள் எரிந்தன, புகை வானத்தை மூடியது, ஏரி நீர் சிவந்தது என்று எழுதியிருக்கிறார்கள். சென்னின் தம்பிகள் யௌரென், யௌகுய் இருவரும் அதில் போனார்கள். யௌரென் ஒற்றைக்கண்ணர், பெரிய வீரர், சென் அவருடைய சாவில் மனம் உடைந்துபோனார்.

இதற்குப் பிறகும் சென் விடவில்லை. ஜுவின் கப்பலுக்கு வெள்ளைப் பாய்மரம் என்று கண்டுபிடித்து அதைக் குறிவைக்கச் சொன்னார், ஜு ஒரே இரவில் எல்லாக் கப்பலின் பாய்மரத்துக்கும் வெள்ளை அடித்துவிட்டார். செப்டம்பர் 2-ல் இன்னொரு பெரிய மோதல். லியூ ஜி திடீரென்று குதித்தெழுந்து கப்பல் மாறுங்கள் என்று கத்தினார், ஜு வேறு கப்பலில் கால் வைத்து உட்கார்வதற்குள் பழைய கப்பல் குண்டு பட்டுச் சிதறியது என்பது மிங் அரச வரலாற்றில் லியூ ஜி பற்றிய பகுதியில் வரும் சம்பவம்.

இப்போது இரண்டாவது திருப்பம். யு டோங்ஹாய் ஜுவிடம் போய், ஏரியில் மேடு நிறைய இருக்கிறது, கப்பலைத் திருப்ப முடியவில்லை, நாம் யாங்சிக்கு வெளியே போய் எதிரிக்கு மேல்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளலாம் என்றார். இந்த யோசனை யாரிடமிருந்து வந்தது என்பது முக்கியம். யு டோங்ஹாய் சாவ் ஏரிக் கூட்டத்தைச் சேர்ந்தவர். ஏரியில் படகோடு வாழ்ந்து பழகிய அந்தக் கூட்டம் 1355-ல் தன் படகுகளோடு வந்து சேர்ந்ததால்தான் ஜுவால் யாங்சியையே கடக்க முடிந்தது. ஏரித் தண்ணீர் எந்த மாதம் எப்படி நடந்துகொள்ளும் என்று அந்த ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்றைக்கும் போயாங் ஏரி கோடை வெள்ளத்தில் 3,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டும், குளிர்காலத்தில் 1,000-க்கும் கீழே சுருங்கிப் புல்வெளியும் சேறுமாகக் கிடக்கும். ஜு அன்றிரவு ஒவ்வொரு கப்பலின் பின்னாலும் விளக்கு கட்டி, ஒன்றன்பின் ஒன்றாக மேடுகளைத் தாண்டி ஏரி வாசலுக்குப் பக்கத்தில் ஸுவோலிக்கு நகர்ந்தார். பிறகு ஹூகோவுக்கு வெளியே வந்து, இரு கரையிலும் வேலி போட்டு, தீத்தெப்பங்களை ஆற்றில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

அந்தக் காத்திருப்புதான் போரை முடித்தது. சென்னிடம் எத்தனை பேர் மிச்சமோ அத்தனை வயிறு. குடும்பங்கள் வேறு. பக்கத்தில் டூசாங் பகுதியில் தானியம் எடுக்கக் கப்பல் அனுப்பினார், நாஞ்சாங்கிலிருந்து வென்செங் ஆள் விட்டு அவற்றைக் கொளுத்தினார். சென்னின் இரண்டு முக்கியத் தளபதிகளுக்குள் கருத்து வேறுபாடு. ஒருவர் கப்பலை எரித்துவிட்டுத் தரைவழியாகத் தப்பிப்போகலாம் என்றார், மற்றவர் இன்னும் சண்டை போடலாம் என்றார். சென் முதலாமவரின் பேச்சை எடுத்துக்கொள்ள, இரண்டாமவர் தண்டனைக்குப் பயந்து ஜுவிடம் சரணடைந்தார். அவர் போனதைப் பார்த்து முதலாமவரும் போனார். அரசரைக் கொன்று அரசரானவரின் முகாமில் அவநம்பிக்கை எவ்வளவு சீக்கிரம் பரவும் பாருங்கள். ஜு வேண்டுமென்றே சீண்டும் கடிதங்கள் அனுப்பினார். கோபத்தில் சென் கைதிகளைக் கொன்றார். ஜு தன்னிடமிருந்த கைதிகளுக்கு மருந்து போட்டு விடுதலை செய்தார், செத்துப்போன சென்னின் தம்பிகளுக்குச் சடங்கும் செய்தார். கருணையா கணக்கா என்று கேட்டால் கணக்கு என்றுதான் சொல்வேன். பிற்காலத்தில் பேரரசராகி ஆயிரக்கணக்கில் ஆட்களைக் கொன்றவர் அவர். ஆனால் அந்த நேரத்தில் பசியோடு கப்பலில் இருந்தவனுக்கு அது போதுமான அழைப்பாக இருந்தது.

அக்டோபர் தொடக்கத்தில் சென் எஞ்சிய கப்பல்களோடு ஹூகோவை உடைத்துக்கொண்டு வெளியேறி மேலே தன் தலைநகர் வூச்சாங் போய்விட முயன்றார். தீத்தெப்பங்கள் வந்து மோதின. இரண்டு படையின் கப்பல்களும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு ஆற்றோட்டத்தில் கீழே போய்க்கொண்டே காலையிலிருந்து மாலைவரை சண்டை போட்டன. கீழே ஜுவின் இன்னொரு படை காத்திருந்தது. அங்கே சென் கப்பலிலிருந்து தலையை வெளியே நீட்டியபோது ஒரு அம்பு கண் வழியாக மண்டையைத் துளைத்தது. ஜுவின் படைக்கு இது உடனே தெரியவில்லை, தப்பி வந்து சரணடைந்தவர்கள் சொல்லித்தான் தெரிந்தது. மறுநாள் 50,000 பேர் சரணடைந்தார்கள். ஜாங் டிங்பியன் இரவோடிரவாகச் சென்னின் உடலையும் மகன் சென் லியையும் சின்னப் படகில் ஏற்றி வூச்சாங் கொண்டுபோனார். 1364-ல் அந்த மகனும் சரணடைந்தார், பிறகு அவரைக் கொரியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். 1367-ல் ஜாங் ஷிசெங் வீழ்ந்தார், 1368-ல் மிங் வம்சம்.

போருக்குப் பிறகு ஜுவே லியூ ஜியிடம் ஒப்புக்கொண்டார்: நான் அன்ஃபெங் போயிருக்கக் கூடாது, நான் இல்லாதபோது சென் நேராக நான்ஜிங்குக்கு இறங்கியிருந்தால் நான் போக இடமில்லை, அவர் நாஞ்சாங்கைச் சுற்றி உட்கார்ந்ததைவிட மோசமான திட்டம் வேறு இல்லை. இரண்டு பேரும் தப்பு செய்தார்கள். ஜுவின் தப்பைச் சரிசெய்ய நேரம் கிடைத்தது, சென்னின் தப்புக்கு 85 நாள் வட்டி ஏறியது.

இதையும் கி.பி. 208-ல் நடந்த செம்பாறைப் போரையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள், அதிலும் பிணைத்த கப்பல், தீப்படகு, காற்று என்று எல்லாம் வரும். முடிவு நேரெதிர். செம்பாறைப் போர் சீனாவை ஒருவர் கையில் சேரவிடாமல் மூன்றாகப் பிரித்து வைத்தது. போயாங் போர் அதை ஒருவர் கையில் சேர்த்தது.

கடைசியாக, உலகத்திலேயே பெரியதா என்பது. 6,00,000-ஐயும் 2,00,000-ஐயும் கூட்டி 8 லட்சம் என்று போட்டுவிடுகிறார்கள். அந்த எண்ணை அப்படியே எடுக்காதீர்கள். அது எதிரியைப் பயமுறுத்தச் சென் சொன்ன எண், அதை மறுக்க ஜெயித்தவருக்கும் காரணம் இல்லை, எதிரி பெரிதாக இருந்தால் வெற்றியும் பெரிதுதானே. அந்த எண்ணிக்கையில் குடும்பங்கள், துடுப்புக்காரர்கள், சமையல்காரர்கள் எவ்வளவு பேர் என்று பிரிக்க வழியில்லை. கடைசியில் சரணடைந்தவர்கள் என்று சொல்லப்படும் 50,000 கொஞ்சம் நம்பக்கூடிய எண், ஏனென்றால் அவர்களுக்குச் சோறு போட வேண்டியவர் கையில் எண்ணிப் பார்த்தது. இறந்தவர்கள், ஓடிப்போனவர்கள் எல்லாரையும் அதோடு சேர்த்தால் ஒன்றிரண்டு லட்சம் வந்தாலே ஆச்சரியமில்லை, அதற்கே இது நடுக்கால உலகின் மிகப்பெரிய நீர்ப்போர்களில் ஒன்று. அது கடலில் நடக்கவில்லை, ஒரு ஏரியிலும் ஆற்று வாசலிலும் நடந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.